சுவிட்சடியில் நின்றவருக்கு

இன்றுடன் பணி ஓய்வு பெறும் எங்கள் போர்மேன், அன்பும் அமைதியும் ஒருங்கே அமைந்த ஐயா சூசைமாணிக்கம் அவர்களே! வெயிலுக்கு விலகாதவரே, வசைக்கு வாடாதவரே, கம்பத்தில் ஏறியவருக்குக் காவலாய்க் கீழே கால்கடுக்க நின்றவரே, வணக்கம்.

களைப்போடுதான் இம்மடலை எழுதினோம். மழை பொய்த்த கோடைகள் எங்கள் எல்லாரையும் இளைக்க வைத்துவிட்டன. தங்கள் முழங்காலும் ஓய்வு கேட்கிறது. ஆகவே அடைமொழிகளை இத்துடன் நிறுத்திக்கொண்டு, தாங்கள் செய்த ஒரே ஒரு வேலையை விளக்கிச் சொல்கிறோம். தங்கள் துணைவியாரும் பிள்ளைகளும் முன்வரிசையில் இருக்கிறார்கள். கோடை முழுதும் தாங்கள் ஏன் கறுத்துச் சோர்ந்து வீடு திரும்பினீர்கள் என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

வயல்வெளியில் செல்லும் மின்கம்பியைப் பழுது பார்க்க வேண்டுமானால், முதலில் அந்தப் பாதையின் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அதற்கென ஒரு கம்பத்தின் உச்சியில் மூன்று கத்திகள் உண்டு. அடியில் உள்ள கைப்பிடியை ஒரு பக்கம் இழுத்தால் மூன்றும் விலகும்; மின்சாரம் நிற்கும். மறுபக்கம் தள்ளினால் மூன்றும் கூடும், மின்சாரம் பாயும். இதுதான் ஏ.பி. சுவிட்ச். கைப்பிடியைப் பூட்டிவிட்டு, அப்பால் எங்கோ ஒரு கம்பத்தில் நம் ஆள் ஏறுவார். அவர் இறங்கும்வரை அந்தக் கைப்பிடி அசையக் கூடாது. அசைந்தால் அவர் இல்லை.

பூட்டியபின் கிளம்பிவிடலாம் என்றே நாங்கள் நினைத்தோம். தாங்கள் மட்டும் அங்கேயே நின்றீர்கள்.

"அதான் பூட்டியாச்சே சார். இன்னும் எதுக்கு வெயில்ல நிக்கிறீங்க?" என்று கம்பியாளர் முத்துவேல் கேட்டார்.

"பூட்டு பேசாதுப்பா. வர்றவங்களுக்கு யாராவது பதில் சொல்லணும்ல" என்றீர்கள்.

வந்தவர்கள் வாழ்த்த வரவில்லை. கருகும் பயிரை விட்டுச் சண்டைக்கு வந்தார்கள். எங்கே அறுந்தது, எவ்வளவு நேரமாகும், ஏன் அவசரப்படக் கூடாது என்று ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னீர்கள். குடிக்கக் கொண்டுபோன தண்ணீரில் பாதி அவர்களுக்கே போய்விடும்.

2003ஆம் ஆண்டுக் கோடையில், வாலிகண்டபுரத்துக்கு அப்பால் ஓடையோரத்தில் கம்பி அறுந்தது. நம் கம்பியாளர் தர்மன் கம்பத்தில் ஏறினார். சுவிட்ச் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் அந்தக் கம்பம் தெரியாது. சின்ன வெங்காயம் போட்டிருந்த உத்திராபதி, தோளில் கடப்பாரையோடு வந்தார்.

"கரண்டு வர்றதே கொஞ்ச நேரம். அதையும் முழுங்கிட்டீங்க. வெங்காயம் மண்ணுலயே வெந்து கெடக்கு. தள்ளுங்க, பூட்ட ஒடைச்சிக்கிறேன்."

"மேல ஆளு இருக்காருங்க. தர்மன்னு பேரு."

"எப்பக் கேட்டாலும் இதே பாட்டுதான். உங்க தர்மன் டவுன்ல டீ குடிச்சிட்டிருப்பாரு."

தாங்கள் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் வைத்தீர்கள்.

"ஓடையத் தாண்டிப் போய்ப் பாருங்க. ஆளு இல்லேன்னா வந்து நீங்களே தொறந்து லைனப் போட்டுக்கங்க."

அவர் போனார். உச்சி வெயிலில், இடுப்புக் கயிற்றில் சாய்ந்து கம்பியை முறுக்கிக்கொண்டிருந்த தர்மனைப் பார்த்தார். திரும்பி வந்து சுவிட்சடியில் உட்கார்ந்துகொண்டார். தாங்கள் சாவியைக் கேட்டபோதும் தரவில்லை. "இருங்க. அந்தாளு எறங்கி வரட்டும், அவரு கையில குடுக்கறேன்" என்றுவிட்டார்.

இறங்கி வந்த தர்மன், நடந்ததைக் கேட்டுக் கொதித்துப்போனார். "என் உசுரத் தூக்கி அவரு கையில குடுத்திட்டீங்களே சார்."

"கடப்பாரையோட வந்தப்பவே உன் உசுரு அவரு கையிலதான் தர்மா இருந்துச்சு. சாவியக் குடுத்ததும் கடப்பாரையக் கீழ வெச்சிட்டாரு."

தர்மன் பல நாள் தங்களோடு பேசவில்லை. அந்தக் கோபம் நியாயமானது என்று எங்களிடம் சொன்னவரும் தாங்களே. பிறகு ஒருநாள் அவரே வந்து கேட்டார்: "என்ன தைரியத்துல சார் குடுத்தீங்க?"

"தைரியம்லாம் இல்லப்பா, பயந்துதான் நின்னேன். அயலான நேசின்னு எங்க மாதா கோயில்ல சொல்லிக் குடுத்திருக்காங்க. கம்பத்துல இருந்த நீயும் அயலான். காயிற கொல்லைக்காரரும் அயலான். ஒருத்தர வுட்டு ஒருத்தரப் பாக்க எனக்குத் தெரியல."

தங்கள் சமயத்தைப் பற்றி நாங்கள் கேட்ட பேச்சு அது ஒன்றுதான். மற்றதெல்லாம் நின்று காட்டியது.

ஐயா, இனி உச்சி வெயிலில் தாங்கள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டை மதியத்திலேயே சாப்பிட வேண்டும். முழங்கால் வலி குறைந்து, பேரப் பிள்ளைகள் சூழ நெடுங்காலம் நலமோடு வாழ வேண்டும். கரண்ட் போனால், ஊரார் எல்லாரையும் போலத் தாங்களும் அலுவலகத்துக்குப் போன் செய்து எங்களைத் திட்ட வேண்டும். அந்த உரிமையைச் சம்பாதித்துவிட்டீர்கள்.

திட்டும் நேரத்தில் தர்மன் ஏதாவதொரு கம்பத்தின் மேல் இருப்பார். அவர் இறங்கும்வரை, சுவிட்சடியில் எங்களில் ஒருவர் நின்றுகொண்டிருப்பார்.

களைப்பும் நன்றியும் கலந்த அன்புடன்,
மின் பிரிவு அலுவலக ஊழியர்கள்,
பெரம்பலூர் வட்டம்.
30.4.2005