மூன்று பொய் விதி

பிப்ரவரி 19, வியாழன்

இன்று ஒரு சிறு தவறைக் கண்டுபிடித்தேன். என்னுடையதுதான். ஒரு கட்டுரையில் கை வைப்பதற்கு முன் அதன் மூலப் பிரதியைத் தனியாகச் சேமித்து வைக்க வேண்டும். மாலை வகுப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம் இது. ஊசி என்ற புனைபெயரில் எழுதுகிறவளின் கட்டுரைக்கு நான் அதைச் செய்யவில்லை. தேதி போட்டு எழுதாத தவறு குட்டி போடும் என்பார் எங்கள் ஆசிரியை. எழுதிவிட்டேன்.

மற்றதையும் எழுதச் சொல்லியிருக்கிறார் பெரியம்மா. பெரியம்மா ஐம்பத்திரண்டு வயது ஆண். நரைத்த தாடி, நில அளவை அலுவலகத்தில் வேலை. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் போன் போட்டு "மாத்திரை போட்டியா, கஞ்சி குடிச்சியா" என்று கேட்பார், அதனால் அந்தப் பட்டம். ‘பக்கத்து இருக்கை’ என்ற வலைப்பதிவை நடத்துபவர் அவர்தான். ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், பிறந்தபோது எழுதிய பால் பொருந்தாதவர்கள் எல்லோரும் வீட்டில் சொல்ல முடியாததை அங்கே புனைபெயரில் எழுதுவார்கள். என் பெயர் அங்கே அடிக்கோடு.

"அடிக்கோடு, நீ என்ன பண்ணினேன்னு ஒரு வரி விடாம எழுதி அனுப்பு" என்றார் நேற்று. "எனக்காக இல்ல. எழுதும்போதாவது உனக்கே உறைக்குதான்னு பார்ப்போம்."

எனக்கு உறைக்க இதில் எதுவும் இல்லை. ஆனால் வரி விடாமல் எழுதுவது என் பலம்.

பகலில் நான் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். கால் பவர் தவறினால் மாட்டுகிறவருக்குத் தலைவலி. அதனால் எதையும் இரண்டு முறை பார்ப்பேன், மூன்றாவது முறை என்னையே சந்தேகப்படுவேன். வாரம் மூன்று மாலை, பிரதி திருத்தும் வகுப்பு. பயிற்சி வேண்டும் என்றுதான் பக்கத்து இருக்கையில் திருத்துபவளாகச் சேர்ந்தேன். அது முழுக் காரணமல்ல. அங்கே எழுதுகிறவர்கள் எதனால் எழுதுகிறார்களோ, அது எனக்கும் உண்டு. நானும் ஒரு கட்டுரை எழுதினேன், பதினேழு அடிக்குறிப்புகளோடு. நான்கு பேர் படித்தார்கள். அதில் இரண்டு பேர் நான்: கைப்பேசியில் ஒரு முறை, கடைக் கணினியில் ஒரு முறை. மூன்றாமவர், "அடிக்குறிப்புகள் அருமை, தொடர்ந்து குறியுங்கள்" என்று எழுதியிருந்தார். நான்காமவர் பண்பாளர், எதுவும் சொல்லவில்லை.

ஊசிக்கு அப்படியல்ல. ஊசி தும்மினால் பதினோராயிரம் பேர் ‘நூறு வயசு’ என்பார்கள். அவள் தன் துணையோடு வாழும் வாழ்க்கையை எழுதினாள். பாத்திரம் யார் கழுவுவது, சோபாவின் எந்தப் பக்கம் யாருடையது, வீட்டுக்காரரிடம் "நாங்க ஒண்ணுவிட்ட அக்கா தங்கச்சிங்க" என்று சொன்ன பிறகு ஒரே மாதிரி சிரிக்கப் பழகியது. இதற்குக் கீழே நானூறு இதயங்கள். பாத்திரம் எல்லார் வீட்டிலும்தான் கழுவுகிறார்கள்.

பக்கத்து இருக்கையில் ஒரு விதி உண்டு. எந்தக் கட்டுரையிலும் எழுதுகிறவர் மூன்று பொய் வைக்க வேண்டும். ஊரையோ தொழிலையோ உறவையோ மாற்றி, அடையாளம் தெரியாதபடி. மற்றதெல்லாம் உண்மையாக இருக்கலாம். நான் சேர்ந்த அன்றே பெரியம்மா சொன்னார்:

"கால்புள்ளி, அரைப்புள்ளி எல்லாம் உன் ராஜ்ஜியம்டி. மூணு பொய்யில மட்டும் கை வெச்சிடாதே. அது பொய் இல்ல, கதவு."

கதவு என்றால் கதவு என்றும் பொய் என்றால் பொய் என்றும் எழுத வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. அன்று நான் எதிர்த்துப் பேசவில்லை.

ஜனவரி 24 அன்று ஊசியின் புதிய கட்டுரை திருத்தத்துக்கு வந்தது. தலைப்பு, ‘ஊசி என்று ஏன் பெயர் வைத்தேன்’. முதன்முதலில் சந்தித்த நாளில் துணையின் மூக்குக்கண்ணாடியில் இடப்பக்கத் திருகாணி விழுந்துவிட்டதாம். ஊசி தன் பையிலிருந்து ஒரு சேஃப்டி பின்னை எடுத்து மாட்டிக்கொடுத்தாளாம். ஆறு வருடமாக அந்தப் பின்தான் அங்கே இருக்கிறதாம்.

அந்தக் கண்ணாடி எனக்குத் தெரியும். இடது இரண்டே கால், வலது ஒன்றே முக்கால். லென்ஸ் தேய்த்தவள் நான். அதை மாட்டியிருப்பவள் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை செய்கிறாள். என் அக்காவோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். எங்கள் வீட்டில் அவளுக்கு ‘கூட இருக்கிற பொண்ணு’ என்று பெயர். சென்ற வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முகம் கழுவப் போனபோது, அந்தப் பின்னை எடுத்துவிட்டு நல்ல திருகாணி ஒன்றைப் போட்டுக்கொடுத்தேன். யாரும் நன்றி சொல்லவில்லை. அடுத்த வாரம் பார்த்தால் மறுபடி பின்.

ஊசி என் அக்கா.

கட்டுரையில் மூன்று பொய்கள் இருந்தன. அக்கா சிறுநீரகப் பிரிவில் நர்ஸ். ஊசி நூலகராக இருந்தாள். அக்கா குடியிருப்பது ஒரு பூட்டு சாவிக் கடைக்கு மேல் மாடியில், கடைக்காரரே வீட்டுக்காரர். ஊசி பத்தாவது மாடி ஃபிளாட்டில் இருந்தாள். அக்காவுக்கு ஒரு தங்கை. ஊசிக்கு ஒரு தம்பி.

தம்பியைப் பற்றி ஒரு பத்தியே இருந்தது. "என் தம்பி நல்லவன். ஆனால் அவனிடம் எதைக் கொடுத்தாலும் திருத்தித்தான் திருப்பித் தருவான். அந்தப் பின்னைக்கூட விட்டுவைக்கவில்லை. அதனால் என் வாழ்க்கையை இன்னும் அவன் கையில் கொடுக்கவில்லை."

முகம் தெரியாத பதினோராயிரம் பேருக்குச் சொன்னதை எனக்குச் சொல்லவில்லை. இதைக் குற்றச்சாட்டாக எழுதவில்லை, எண்ணிக்கையாக எழுதுகிறேன். பதினோராயிரத்தில் நானும் ஒருத்தி என்று யாராவது சொல்லலாம். சரிதான்.

நான் கோபப்படவில்லை. இந்த வாக்கியத்தை இரண்டு முறை சரிபார்த்தேன், அப்படியே இருக்கட்டும். அந்த வாரம் வகுப்பில் தகவல் சரிபார்ப்பு நடந்துகொண்டிருந்தது. "எழுதினவரை நம்பாதீங்க, எழுதப்பட்டவரைக் கேளுங்க" என்றார் ஆசிரியை. அதற்கு ஒரு சீட்டு உண்டு. மேலே கட்டுரையில் உள்ள தகவல், கீழே ‘சரி’, ‘தவறு’ என்று இரண்டு கட்டம், அடியில் கையெழுத்து. வீட்டுப்பாடமாக ஒரு கட்டுரையை எடுத்து மூன்று சீட்டு அனுப்ப வேண்டும். மற்ற மாணவர்கள் சமையல் குறிப்பும் விளையாட்டுச் செய்தியும் எடுத்தார்கள். எனக்குக் கையில் ஒரு கட்டுரை இருந்தது.

முதலில் பொய்களைத் திருத்தினேன். நூலகர் நர்ஸ் ஆனாள். பத்தாவது மாடி சாவிக்கடை மாடிக்கு இறங்கியது. தம்பி தங்கையானான். கட்டுரை எவ்வளவு தெளிவாக வந்தது என்று சொன்னால் பெருமையடிப்பதாகிவிடும். ஜனவரி 28 காலை பத்து மணிக்கு வெளியிட்டேன். பிறகு சீட்டுகளை அனுப்பினேன், இணைப்போடு.

முதல் சீட்டு சாவிக்கடைக்காரருக்கு. "உங்கள் மாடியில் குடியிருக்கும் இரு பெண்கள் உறவினர் அல்லர், தம்பதிபோல் வாழ்கிறார்கள் என்று கட்டுரை கூறுகிறது. சரியா, தவறா?" அவர் ‘சரி’யில் டிக் போட்டு, ஓரத்தில் "இப்பதான் தெரியும்" என்று எழுதி அனுப்பினார். நேர்மையான மனிதர். அன்று அக்காவும் அவளும் வேலை முடிந்து வந்தபோது அவர்களுடைய சாவி பூட்டுக்குள் நுழையவில்லை. அவர் தொழில் அது, அவரைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது சீட்டு அக்காவின் வார்டு தலைமை நர்ஸுக்கு. அவர் எந்தக் கட்டத்திலும் டிக் போடவில்லை. அடுத்த வாரப் பணிப் பட்டியலில் அக்காவின் பெயரைப் போடாமல் விட்டார். இதைப் பதிலாக எடுத்துக்கொள்ளலாமா என்று வகுப்பில் கேட்டேன். "முழுமையற்ற பதில்னு குறிச்சுக்கங்க" என்றார் ஆசிரியை, எதைப் பற்றி என்று கேட்காமல்.

மூன்றாவது அம்மாவுக்கு.

அம்மா சீட்டோடு அடுக்களையிலிருந்து வந்தாள். "என்னடி இது? யாரு எழுதினது?"

"அக்கா எழுதினதும்மா. தகவல் சரியான்னு பார்க்கத்தான் அனுப்பினேன்."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"இல்ல. சொல்லல."

"உன்கிட்டகூட சொல்லலியா பாவி" என்று அம்மா என் தலையைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள். "நீயாவது எனக்கு ஒழுங்கா இருக்கியே. அது போதும்."

அந்தத் தகவலுக்கு யாரும் சீட்டு அனுப்பவில்லை.

இப்போது அக்கா எங்கள் வீட்டில், பின்னறையில் இருக்கிறாள். மாமா போய், "அம்மாவுக்கு நெஞ்சு வலி" என்று சொல்லி அழைத்து வந்தார். அது பொய்தான், ஆனால் நான் சொன்னதல்ல. வெளியே தாழ்ப்பாளுக்குப் பூட்டு. அம்மா எதையும் எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுகிறவள் என்பதால் சாவி என்னிடம். அக்காவின் போனும் என்னிடம்தான். அதன் ரகசிய எண் அவர்கள் சந்தித்த தேதி, கட்டுரையிலேயே இருக்கிறது. மூன்று வேளையும் தட்டு கொண்டுபோகிறேன். முதல் நாள் அக்கா ஒன்று கேட்டாள்.

"தங்கைன்னு மாத்தினது நீதானே?"

"அதுதானே உண்மை."

அக்கா சிரித்தாள். "தம்பின்னு போட்டது என்னை மறைக்க இல்லடி. உன்னை மறைக்க." அதன் பிறகு என்னோடு பேசவில்லை. அவள் சொன்னதற்கு ஆதாரம் இல்லாததால் பதிவு மட்டும் செய்கிறேன்.

கூட இருக்கிற பொண்ணு தினமும் எங்கள் வீட்டுக்கு எதிர்ச் சாரியில் வந்து நிற்கிறாள். திங்கட்கிழமை என் கண்ணாடிக் கடைக்கே வந்துவிட்டாள். கண் வீங்கியிருந்தது. செய்தது நான் என்று அவளுக்குத் தெரியாது. கண்ணாடியைக் கழற்றி, பின்னை உருவி என் கையில் வைத்தாள்.

"இதை அவகிட்ட குடு. வேற ஒண்ணும் சொல்ல வேணாம், அவளுக்குப் புரியும். உன்னை விட்டா எனக்கு யாரும் இல்ல தங்கச்சி."

வாங்கிக்கொண்டேன். கண்ணாடிக்குத் திருகாணி போட்டுக்கொடுத்தேன். இந்த முறை நன்றி சொன்னாள்.

அந்தப் பின் என் பென்சில் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது.

இதுவரை பெரியம்மாவுக்கு. இதற்குக் கீழே உள்ளது என் குறிப்பேட்டுக்கு மட்டும்.

பெரியம்மா கட்டுரையை நீக்கிவிட்டார். இன்று மறுபடி போன் செய்தார். "அந்தத் தம்பி பத்தியில கடைசியா ஒரு வரி இருந்துச்சே. வந்த அன்னிக்கே நான் படிச்சேன். நீ போட்டதுல அது இல்ல. மூலத்தை அனுப்பு." மூலம் இல்லை என்றேன். உண்மைதான். மேலே முதல் பத்தியிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

கட்டுரையில் நான் மாற்றியவை மூன்று. நீக்கியது ஒன்றே ஒன்று. "அவனும் என்னைப் போலத்தான் என்று சில சமயம் தோன்றும். கேட்க மாட்டேன். அவனாக வந்து சொல்லும் நாளில் எங்கள் வீட்டில் அவனுக்கும் ஓர் அறை இருக்கும்."

ஆதாரமற்ற ஊகம் என்று ஓரத்தில் குறித்து நீக்கினேன். பிரதி போனாலும் பரவாயில்லை, வரி நினைவில் இருக்கிறது. புள்ளி மாறாமல் சொல்வேன். வீடே இல்லாதபோது அறை இருக்கும் என்பது எப்படியும் தகவல் பிழைதான்.

நாளைய வேலை: மதிய இடைவேளையில் அக்காவின் போனிலிருந்து, ஊசியின் கணக்கில் ஒரு சிறு பதிவு. ‘ஊசி எங்கே’ என்று வாசகர்கள் மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். விதிப்படி மூன்று பொய் வைக்க வேண்டும். ஒன்று, நலமாக இருக்கிறேன். இரண்டு, என் விருப்பப்படிதான் எழுதுவதை நிறுத்துகிறேன். ‘தங்கை எனக்குத் துணையாக இருக்கிறாள்’ என்ற வரியும் உண்டு, ஆனால் அது உண்மை என்பதால் கணக்கில் வராது. மூன்றாவது பொய்யைக் காலையில் பேருந்தில் யோசிக்க வேண்டும்.