மாடி உங்களுது, படி அவங்களுது

...இல்ல வக்கீல் சார், நீங்களே சொல்லுங்க. மாடி வீட்டை வித்தவன் மாடிப்படியை விக்கலன்னா அது என்ன நியாயம்? செருப்பை வித்துட்டு வாரை வச்சுக்கிட்ட மாதிரி! கடல் தாண்டி வாங்கின வீடு சார். சாவி இருக்கு, பால்கனி இருக்கு, ஜன்னலைத் திறந்தா கடல் தெரியுதாம். படி மட்டும் கீழ்வீட்டம்மாவோடது. அந்தம்மா படி வாசல் கேட்டை இழுத்துப் பூட்டிருச்சு. எங்க வீட்டுக்காரர் மேல மாட்டிக்கிட்டார்!

சிரிக்காதீங்க சார். ரொட்டியையும் தண்ணியையும் வாளியில கயிறு கட்டி மேல இழுக்கிறாராம். இங்க குடிச்ச டம்ளரை நகத்தி வச்சதில்ல அந்த மனுசன்!

எல்லாம் என் பழைய வக்கீலால வந்த வினை. சுத்த அலட்சியம். வெளிநாட்டு வீடுன்னா ரெண்டு மடங்கு கவனமா பாக்க வேணாமா? அவர் மேல கேஸ் போடணும், நஷ்டஈடு வாங்கணும். அதுக்கு முந்தி எங்க வீட்டுக்காரரைக் கீழ இறக்கணும். டீ ஆறுது, குடிங்க.

என்ன? படி விஷயத்தைப் பழைய வக்கீல் முன்னாடியே சொன்னாரான்னா கேக்கிறீங்க? ம்... சொன்னார். "அம்மா, படி வேற ஒருத்தர் பேர்ல இருக்கு. ஏறி இறங்கற உரிமையை எழுதி வாங்காம கையெழுத்துப் போடாதீங்க"ன்னார். ஆனா எப்படிச் சொன்னார்? மெதுவா! தூங்கற குழந்தைகிட்ட சொல்ற மாதிரி! மேசையைத் தட்ட வேணாமா? என் கையில இருக்கற பேனாவைப் பிடுங்க வேணாமா? என் நாத்தனாரும் அதே வீட்டு மேல கண்ணு வச்சிருந்தா சார். அந்த அவசரத்துல, "படியை யாரு தூக்கிட்டுப் போகப்போறா, வேலையை முடிங்க"ன்னு கத்தினேன். நான் கத்தினா அவரும் பதிலுக்குக் கத்தணுமில்ல? கத்தாதது அவர் தப்புதானே!

இருங்க, ஃபோன்... இவர்தான். ஏங்க, பயப்படாதீங்க, பெரிய வக்கீலைப் பிடிச்சிருக்கேன்... என்னது, கேட்டைத் திறந்துட்டாங்களா? எப்போ?... போன வாரமேவா! அப்ப ஏன் இன்னும் இறங்கல?... நல்லா இருக்கா? என்ன நல்லா இருக்கு?... அமைதியா இருக்கா? எது, கடலா?... ஏங்க? ஏங்க!

வச்சுட்டார் சார். பாத்தீங்களா, இதுக்கும் அந்தப் பழைய வக்கீல்தான்... சார்? வக்கீல் சார்?

அடப்பாவமே, டீ அப்படியே இருக்கே... இந்த ஆபீசுக்குப் பின்னாடியும் ஒரு படி இருக்கா!