மரமாதாவுக்கு அடிச்ச மணி

"ஓடு! தம்பி, ஓடு!"

நான்தான் கத்திறன். சுவிஸிலை, ஒரு கன்னியாஸ்திரி மடத்துக் கல்லு விறாந்தையிலை. எண்பத்தேழாம் ஆண்டு, மாசி மாதம். காலமை ஆறு மணி. சப்பாத்துச் சத்தம் கேக்குது. நாலு சோடி. பொலிஸ்.

யாழ்ப்பாணத்திலை ஷெல் வரேக்கை முதல் விசில் கேக்கும். பிறகுதான் விழும். அந்த மரியாதை ஷெல்லுக்கும் இருந்தது. இஞ்சை அதுவும் இல்லை.

என்ரை தம்பி சிவத்துக்கு சுவிஸிலை இருக்க அனுமதி கிடைக்கேல்லை. திருப்பி அனுப்பப்போறாங்கள். எனக்கு அந்த மடத்துக் குசினியிலை சமையல் வேலை. சிஸ்டர்மார் அவனை ஆப்பிள் காயவைக்கிற அறையிலை ஒளிச்சு வைச்சவை. ஏழு கிழமை, ஒண்டரை மாதத்துக்கும் மேலை. அவை சிஸ்டேர்சியன் சபை. காலமைச் செபம் முடியுமட்டும் ஆரும் வாய் திறக்கக்கூடாது. ஷெல்லைவிட எனக்கு அதுதான் பெரிய கஷ்டம். வாசல் பாக்கிற ஆக்னெஸ் சிஸ்டர் அதாலைதான் சொன்னவ: "பொலிஸ் வந்தால் மணி அடிப்பன்."

நம்பினனான். ஏனெண்டால் மடத்துக் கோயிலிலை ஒரு மரமாதா நிக்கிறா, மரத்திலை செதுக்கின மாதா சுரூபம். சரியான பழசு. மூக்கில்லை. நூறு வருசத்துக்கும் முந்தி, மடத்தைப் பூட்ட அரசாங்கம் ஆக்களை அனுப்பினதாம். ஊரவன் ஒருத்தன் ஓடிவந்து மணியை அடிச்சானாம். சிஸ்டர்மார் மாதாவை வைக்கோலுக்குள்ளை ஒளிச்சுக் காப்பாத்திச்சினமாம். மூக்கு அப்ப போனது. தூசி தட்டேக்கை நான் கேப்பன்: "உமக்கும் விசா இல்லையோ, அம்மா?" ஆக்னெஸ் சிரிப்பை அடக்கி அடக்கி முகம் சிவந்துபோவா.

அண்டைக்கு மணி அடிக்கேல்லை. கதவு உடைச்ச சத்தமும் இல்லை. பூட்டுக்குள்ளை திறப்பு திரும்பின சத்தம். ரெண்டுதரம். அந்தத் திறப்பு ஆக்னெஸின்ரை இடுப்பிலைதான் தொங்கும்.

தம்பி வெறுங்காலோடை பனிக்குள்ளை பாஞ்சான். கிணத்தடியிலை பிடிச்சிட்டாங்கள். "அக்கா!" ஒருக்காத்தான் கத்தினவன்.

செபம் முடிஞ்சுது. ஆக்னெஸ் வந்தா. "பொலிஸ் முதல்நாளே வந்து கேட்டது. திரும்பவும் மடத்தைப் பூட்டிப்போடுவினமெண்டு பயந்திட்டம்."

"மணிக்கயிறு கைக்கு எட்டேல்லையோ, சிஸ்டர்?"

ஆக்னெஸ் இடுப்புத் திறப்பைக் கையாலை பொத்தினா. செபம் முடிஞ்ச பிறகும் மௌனம்.

தம்பி கொழும்பிலை இறங்கினவன். ஆரோ ஜீப்பிலை ஏத்திக்கொண்டு போனதாம். பிறகு கடிதம் இல்லை. இண்டைவரைக்கும்.

எண்ணிப் பாருங்கோ. என்னட்டைத் தம்பி ஒருத்தன் இல்லை. அவன்ரை சப்பாத்து ஒரு சோடி இருக்கு. மடத்திலை மாதா நிக்கிறா. மணி தொங்குது. திறப்பும் இருக்கு.

சிஸ்டர்மாருக்கு அந்த மூக்கு ஒண்டுதான் குறை.