பழைய மருந்தின் கிண்ணம்

ஞானசேகரம்: ...அப்ப இதுதானா தோட்டா அடைக்கிற சாமான்? நான் பெரிய மிசின் ஒண்டு இருக்கும் எண்டெல்லோ நினைச்சன்.

செலினா: மெல்லப் பேசுங்க ஐயா. வீட்டுக்காரரு உள்ள காய்ச்சல்ல படுத்திருக்காரு.

ஞானசேகரம்: ஓம், நேற்று டிஸ்பென்சரியிலை கண்டனான். அல்பிரட் அண்ணைதான் சொன்னவர், பெட்டியைப் போய்ப் பாருங்கோ, எதெது வேணுமெண்டு செலினாட்டைக் கேளுங்கோ எண்டு.

செலினா: என்கிட்டயா? என்கிட்ட கேக்கச் சொன்னாரா?

ஞானசேகரம்: "அவளுக்குத்தான் எல்லாம் தெரியும்" எண்டார்.

செலினா: ...கேலி பண்ணியிருப்பாரு. அது கெடக்கட்டும், கொசு அடிக்கவே கண்ண மூடிக்கிற கிளாக்கர் ஐயாவுக்குத் துவக்கு எதுக்கு? பன்னியும் சாப்புட மாட்டீங்க!

ஞானசேகரம்: நான் தின்னாட்டி என்ன, பன்றி தின்னுதே! முந்தநாள் ரெண்டு பாத்தி மரவள்ளியைக் கிண்டிப் போட்டுது. அரிசி இல்லாத காலத்திலை அதுவும் போனால் என்ரை மனுசி மனோகரி பிள்ளையளுக்கு எதை அவிக்கிறது? எழுபத்தொண்டு கிளர்ச்சியிலை பொலிஸ் வாங்கி வைச்ச தோட்டத்துத் துவக்கு போன மாதம்தான் திரும்பி வந்தது. துவக்கு வந்திட்டுது, கடையிலை தோட்டா இல்லை.

செலினா: ஆமா, இப்ப ஊரு பூரா மஞ்ஞொக்காக் கெழங்குதான்... சரி, பாருங்க. இது தோட்டா அடியில வெடிச்சுப்போன பழைய கெப்பைக் குத்தி எடுக்கிறது. இது புதுசு வைக்கிறது. இந்தக் கைப்பிடிய மேசையில பூட்டிச் சுத்துனா தோட்டாவோட வாய் உள்பக்கமா மடியும்.

ஞானசேகரம்: இந்த மெழுகுதிரித் துண்டு?

செலினா: அது... என் வேல. மடிச்ச வாயில மெழுகு தேய்ச்சா மழைக்கு நனையாது. அவருக்குப் பிடிக்காது. "தோட்டாவுக்கும் ஞானஸ்நானம் குடுக்கிறியா"ன்னு சிரிப்பாரு. அவரு அடைச்சதுல மெழுகே இருக்காது.

ஞானசேகரம்: அப்ப நீங்களும் அடைச்சிருக்கிறியள்!

செலினா: ஒத்தாசைக்கு... எப்பவாச்சும். இந்தத் தராசக் கொண்டு போங்க. புதுசாப் பழகுறவங்களுக்கு இதுதான் முக்கியம்.

ஞானசேகரம்: ஐயோ, உதோ? ஒவ்வொண்டா நிறுத்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. பொறுங்கோ... அடியிலை துணி சுத்தி... இது என்ன, கிண்ணமோ?

செலினா: அத வையுங்க.

ஞானசேகரம்: வெடிமருந்து அளக்கிற கிண்ணமெல்லோ! ஒரு கோரல், ஒரு தோட்டா. எனக்கு இதுதான் சரி.

செலினா: வேணாங்கய்யா. அது... ஓட்டை.

ஞானசேகரம்: எங்கை ஓட்டை? வெளிச்சத்திலை பிடிச்சுப் பாருங்கோ.

செலினா: நீங்க என்ன மருந்து வாங்குனீங்க? கருப்பு மருந்தா?

ஞானசேகரம்: இல்லை. கொழும்பிலை ஒருத்தர் எடுத்துத் தந்தவர், புகை வராத புது மருந்து.

செலினா: அப்ப அதத் தொடவே தொடாதீங்க. அது பழைய கரி மருந்துக்குச் செஞ்ச கிண்ணம். புது மருந்து கோவக்காரன். அத இதுல கோருனா துவக்கு தாங்காது.

ஞானசேகரம்: ...அப்பிடித்தானோ அல்பிரட் அண்ணையின்ர விரல் போனது? குடிச்சிட்டு அடைச்சவர் எண்டு கேள்வி.

செலினா: யாரு சொன்னது?

ஞானசேகரம்: அவரேதான். துரைக்கும் அப்பிடித்தான் சொன்னவராம். காவல் வேலையும் அதோடை போச்சாம்.

செலினா: அவரு அன்னைக்குக் குடிக்கல்ல...

ஞானசேகரம்: சரி, நானும் குடிக்கிறேல்லை. கொஞ்சம் குறைச்சுக் கோரினால் போச்சு. தராசு இருக்கட்டும், கிண்ணத்தைத் தாங்கோ அக்கா. மழை வருது.

செலினா: ஐயா... அந்தக் கதவச் சாத்துங்க. இல்ல... சாத்தாதீங்க. நான் சொல்றேன். அறுவத்தாறு. மாதா திருநாளுக்கு முந்தின நாளு. பழைய வெள்ளக்காரத் துரை ஊருக்குப் போறப்ப புது மருந்தும் இந்தத் தராசும் குடுத்துட்டுப் போயிருந்தாரு. இவரு அஞ்சு தோட்டா நிறுத்து அடைச்சாரு. மிச்சம் அஞ்ச என்கிட்ட குடுத்து, "நிறுத்துப் போடு, அவசரப்படாத"ன்னுட்டு மலைக்குப் போனாரு. கோயில்ல பாட்டுப் பழகுறாங்க. கூடப் பாடுற திரேசா வாசல்ல நின்னு கூப்புட்டுக்கிட்டே இருந்தா. நான்தான் முதல் குரல்...

ஞானசேகரம்: நீங்கள் நிறுக்கேல்லையோ?

செலினா: இந்தக் கிண்ணத்தால கோருனேன். மடிச்சு, மெழுகு தேய்ச்சு, அவரு பையிலயே போட்டுட்டு ஓடுனேன். பாட்டு நல்லா இருந்துச்சுன்னு சாமியார்கூடச் சொன்னாரு ஐயா... மறுநா வெள்ளன மலையில துவக்கு பிளந்த சத்தம் கேட்டுச்சு.

ஞானசேகரம்: அப்ப அவர்... தன்ரை பிழை எண்டு...

செலினா: ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும், "என் கை தவறிருச்சு செலினா"ன்னாரு. நான் வாயத் தொறக்கப் போனேன்... தொறக்கல்ல. நாளைக்கு, நாளைக்குன்னு எட்டு வருசம். சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனத்துலகூடச் சொல்லல்ல. மிச்சம் ரெண்டு வெரல வச்சுக்கிட்டு அவரு சட்டைப் பொத்தான் போட முடியாமத் தவிப்பாரு. தெனம் நான்தான் போட்டு விடுறேன். நெஞ்சுக்கு நேரா நின்னுக்கிட்டு... அப்பவும் சொல்லல்ல.

ஞானசேகரம்: பிறகேன் அக்கா இந்தக் கிண்ணத்தை வைச்சிருக்கிறியள்?

செலினா: எறிஞ்சா, எங்கன்னு கேப்பாரே...

ஞானசேகரம்: அக்கா... உள்ளை கட்டில் சத்தம் கேக்குது.

செலினா: ஏங்க...? முழிச்சுட்டீங்களா?

அல்பிரட்: தூங்கவே இல்ல.

செலினா: அப்ப... எல்லாம்...

அல்பிரட்: கிளாக்கர் ஐயா, தராசக் கொண்டு போங்க. கிண்ணத்த வச்சிட்டுப் போங்க.

செலினா: என்னைய ஏசுங்க. ஏதாச்சும் சொல்லுங்க. அன்னைக்கே நான் சொல்லியிருந்தா ஒங்க வேலையாச்சும்...

அல்பிரட்: நீயாச் சொல்லட்டும்னு இருந்தேன். நானாவது கேட்டிருக்கணும்... ரெண்டு பேருமா எட்டு வருசத்த வீணாக்கிட்டோம் புள்ள.

செலினா: இருந்தீங்களா? அப்ப... ஒங்களுக்கு எப்பத் தெரியும்?

அல்பிரட்: அன்னைக்குத் துவக்குல போடுறதுக்கு முந்தி தோட்டாவக் கையில எடுத்துப் பாத்தேன். வாயில மெழுகு. சிரிச்சுக்கிட்டேதான் போட்டேன்... நான் எப்ப மெழுகு வச்சேன், செலினா?