ஓட்டை படிக்கிற பிள்ளை

வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குப் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். கனகராயன்குளம் தாண்டும்போது இளையவர் கேட்டார்:

“மகளின்ர சம்பந்தம் ஏனக்கா குழம்பினது?”

“என்ன படிக்கிறா எண்டு கேட்டவை. ஓட்டை எண்டு சொல்லிப்போட்டன்.”

“ஓட்டையோ?”

“ஓம். கண்ணுக்குத் தெரியாத ஓட்டையள் நிறைஞ்ச ஒரு தூள் செய்யிறாள். அது புகையில இருக்கிற கரியமிலவாயுவைப் பிடிச்சு வைக்குமாம். மருந்தை அடைச்சுக் குடுத்தால் உடம்புக்குள்ள மெல்ல மெல்ல விடுமாம்.”

“நல்ல படிப்புத்தானே?”

“மாப்பிள்ளைக்கு மாங்குளத்தில அரிசி மில். புகை பிடிக்கிற மருமகள் வந்தால் மில்லைப் பூட்டவேண்டி வரும் எண்டு பயந்திட்டினம்.”

“பிள்ளை அழுதவளோ?”

“அழுதவள்தான். தூளைப் பரிசோதிக்க அந்த மில்லின்ர புகைக்கூடு கிடைக்கும் எண்டுதான் கலியாணத்துக்கே ஓம் எண்டவளாம்.”