முள்கரண்டி விழுந்த காலை

கலைமானின் வயதைக் கொம்பை வைத்துச் சொல்லக் கூடாது. நிறையப் பேர் செய்யும் தவறு அது. நல்ல சோளக்காட்டில் மேய்ந்த மூன்று வயதுக் கலைக்கு, அதாவது ஆண்மானுக்குக்கூட, பார்த்தவர் வாயைப் பிளக்கும்படி கொம்பு வந்துவிடும். உடம்பைப் பார்க்க வேண்டும். வயிறு தொங்குகிறதா, கழுத்து நெஞ்சோடு ஒன்றாகிவிட்டதா, உடம்பின் பருமனுக்குக் கால்கள் குட்டையாகத் தெரிகின்றனவா. இதெல்லாம் இருந்தால் ஐந்து வயது தாண்டியது. கொம்பை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

துணை ஷெரீப் ஊல்ரிக் அவர்களே, நீங்கள் கேட்டது இதை இல்லை என்று எனக்குத் தெரியும். நவம்பர் ஒன்பதாம் தேதி காலை நடந்ததை வரிசையாக எழுதச் சொல்லித் தாள் கொடுத்தீர்கள். வரிசை என்றால் எனக்கு இங்கேதான் தொடங்குகிறது. செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்தது, முதலில் நேரம், பிறகு கண்ணால் பார்த்தது, கருத்து கடைசியில் என்று. எனக்கு ஒழுங்காக எழுத வராது என்ற சந்தேகத்தில்தான் அந்த வகுப்பில் சேர்ந்தேன். சந்தேகம் இன்னும் தீரவில்லை. நேரங்களில் ஒன்றிரண்டு நிமிடம் முன்பின் இருக்கலாம். அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

என் பெயர் நீல்ஸ் ஆகார்ட். வயது இருபத்தாறு. சீஸ் ஆலையில் தரம் பார்க்கும் வேலை. இறந்துபோன கோல்பி ஸ்ட்ராண்ட் என் அக்கா மாரித்தின் கணவர். மேட்டின் மேல் இருக்கும் ஓக் காடும் அதன் கீழே உள்ள சோளக்காடும் கோல்பியுடையவை. ஆறு வருடமாக நாங்கள் இரண்டு பேரும் அங்கே வில் வேட்டைக்குப் போகிறோம். துப்பாக்கிக்காரர்கள் இருநூறு கஜத்துக்கு அப்பால் நின்று சுட்டுவிட்டுப் போகலாம். எங்களுக்கு மான் இருபது கஜத்துக்குள் வர வேண்டும். இருபது கஜத்தில் மான் உங்கள் சட்டை உரசும் சத்தத்தைக் கேட்கும்.

முள்கரண்டி என்பது நாங்கள் ஒரு கலைக்கு வைத்த பெயர். அதன் இடது கொம்பின் இரண்டாவது கிளை நுனியில் பிளந்து, உணவு மேசையில் வைக்கும் முள்கரண்டி போல இருக்கும். நான்கு வருடமாக அதைக் காட்டுக் கேமராப் படங்களில் தொடர்ந்து வந்தேன். மார்ச் மாதங்களில் அது உதிர்த்த கொம்புகளைத் தேடி எடுத்தேன். மூன்று ஜோடி என்னிடம் இருக்கின்றன. நான் அதை வளர்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் அது இரண்டரை வயதாக இருந்தபோது மரத்தில் கட்டிய என் பரணுக்குக் கீழே பதினைந்து கஜத்தில் வந்து நின்றது. நான் வில்லை எடுக்கவில்லை. அடுத்த வருடமும் எடுக்கவில்லை. அதே வருடம் கோல்பி அதன்மேல் அம்பு விட்டார். முதுகு மயிரை உரசிக்கொண்டு போனது. கேட்டதற்கு, "கொம்பு பெருசா இருந்துச்சுடா, வேற என்ன பாக்கணும்?" என்றார்.

கோல்பியை நான் வெறுக்கவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். நல்ல மனிதர், எல்லாரையும் கிண்டல் செய்வார். நான் நோட்டில் குறித்துக்கொண்டே இருப்பதால் என்னை ப்ரொபசர் என்பார். செப்டம்பரில் பரண்களைச் சரிபார்க்கப் போனபோது, அவருடைய பரணை மரத்தோடு சேர்த்துக் கட்டிய வார் நைந்திருப்பதைக் காட்டினேன். மூன்று வருடம் அவிழ்க்காமல் விட்டது. மரம் பருத்து வாரை இறுக்கியிருந்தது.

"மாத்திடுங்க கோல்பி."

"மரமே நிக்குது, வார் நிக்காதா? நோட்டுல எழுதிக்க ப்ரொபசர். நான் விழுந்தா, சொன்னேன்ல, சொன்னேன்லன்னு கல்லறையில வந்து வாசி."

எழுதிக்கொண்டேன். உடம்பில் மாட்டும் பாதுகாப்பு வாரைப் பற்றியும் அன்றே எழுதினேன். பரண் போனாலும் அந்த வார் ஆளைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் தொங்குகிறவனின் தொடைகளை அது இறுக்கும். கால் ஊன்ற இடமில்லாவிட்டால் இரத்தம் காலிலேயே தேங்கிவிடும். அரை மணி நேரத்தில் உயிர் போகலாம். அதற்காகவே மிதித்து நிற்க ஒரு கயிற்று வளையம் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். கோல்பியிடம் வளையம் இல்லை. எனக்கு இது தெரியுமா என்று நேற்று கேட்டீர்கள். தெரியும். செப்டம்பர் பதினான்காம் தேதிப் பக்கத்தில் இருக்கிறது.

அடுத்தது போன வருடம் நடந்தது. இதைப் படிக்காமல் என்னைத் தீர்மானிக்காதீர்கள். போன நவம்பரில் ஒரு காலை, கோல்பியின் மரத்திலிருந்து தடால் என்று சத்தம் கேட்டது. விழுந்துவிட்டார் என்று நினைத்தேன். பரணிலிருந்து இறங்கி, சருகெல்லாம் நொறுங்க ஓடினேன். விழுந்தது அவருடைய காபி பிளாஸ்க். அதே நேரத்தில் முள்கரண்டி சரிவில் ஏறி வந்துகொண்டிருந்திருக்கிறது. என்னைப் பார்த்து வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அந்தப் பருவம் முழுக்க அது பகலில் திரும்பி வரவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் கோல்பி இதைச் சொல்லிச் சிரித்தார். நன்றி கூறும் நாள் விருந்தில், வான்கோழியை அறுத்துக்கொண்டே எல்லார் முன்னாலும் சொன்னார்.

"ஒரு பிளாஸ்க் விழுந்ததுக்குப் பெத்த அம்மா மாதிரி ஓடி வந்தான். என்னைக் காப்பாத்துறானாம். நூத்தி அறுபது அங்குலக் கொம்பு போச்சு. இந்தாப்பா, உனக்கு ஒரு கால்."

மாரித்கூடச் சிரித்தாள். பிறகு கோல்பி ஒரு அட்டையில் எழுதிக் கொட்டகைக் கதவில் ஒட்டினார். பத்து மணி வரை எவனும் இறங்கக் கூடாது, பேசக் கூடாது, போனைத் தொடக் கூடாது. அம்பு விட்டவன் மட்டும் இறங்கலாம், அதுவும் மான் செத்தது உறுதியான பிறகு. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். இந்த வருடம் நவம்பர் ஒன்பதாம் தேதி விடியும் முன் அந்தக் கதவைத் திறக்கும்போது அவர் சொன்ன வார்த்தை இது. மாற்றாமல் தருகிறேன்.

"நான் செத்து விழுந்தாக்கூட நீ பத்து மணிக்குத்தான் எறங்குற. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"அம்மா மாதிரி ஓடி வரக் கூடாது."

"வரமாட்டேன்."

இனி நேரங்கள்.

6.48. நல்ல வெளிச்சம். இலை உதிர்ந்துவிட்டதால் அறுபது கஜம் தள்ளி கோல்பியின் மரம் தெளிவாகத் தெரிந்தது. அவர் எழுந்து திரும்பினார். வார் அறுந்தது. பரண் கீழே போனது. அவர் பாதுகாப்பு வாரில் தொங்கினார், தரையிலிருந்து பதினைந்து அடியில். ஏறும் படிகள் மரத்தின் மறுபக்கம். கால் எட்டவில்லை.

6.50. "நீல்ஸ்" என்றார். கத்தவில்லை. இதைக் கவனியுங்கள். தொங்கும்போதும் அவர் வேட்டைக்குரலில்தான் கூப்பிட்டார்.

6.53. நான் எழுந்தேன். ஒரு காலைப் படியில் வைத்தேன். இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். நான் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் எழுத வேண்டும் என்பதால் சொல்கிறேன். வலது கால் படியில் இருந்தது.

6.54. சரிவில் பெண்மான் ஒன்று வேகமாக வந்தது. வால் ஒரு பக்கமாக இருந்தது, திரும்பித் திரும்பிப் பார்த்தது. நவம்பரில் அப்படி ஒரு பெண்மான் வந்தால் பின்னால் கலை வருகிறது என்று அர்த்தம். காற்று என் முகத்துக்கு நேராக வீசியது. காலை மறுபடி மேலே எடுத்தேன்.

7.01. முள்கரண்டி வந்தது. வயிறு தொங்கியது, கழுத்து நெஞ்சோடு ஒன்றாகியிருந்தது. ஆறரை வயது. இரண்டு காதுகளின் நுனிக்கும் வெளியே பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் கொம்பு தெரிந்தது. கொம்பின் எல்லா அளவுகளையும் கூட்டி மொத்தம் நூற்று அறுபத்தெட்டு அங்குலம் என்று மனதில் போட்டேன். குறைத்துப் போட்டுவிட்டேன் என்று பிறகு தெரிந்தது.

"நீல்ஸ், கால் மரத்துப்போச்சுடா" என்றார் கோல்பி. முள்கரண்டி தலையைத் தூக்கி அவர் மரத்தைப் பார்த்தது. என்னைப் பார்க்கவில்லை. நான் வில்லை இழுக்க அது போதுமானதாக இருந்தது. அவர் தெரிந்தே அப்படி உதவினாரா என்று நான் யோசித்ததுண்டு. உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

7.04. இருபத்திரண்டு கஜம். அம்பு விட்டேன். நினைத்த இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் பட்டது, இரண்டு அங்குலம் இருக்கும். என் வாழ்க்கையில் நான் திருத்த விரும்புவது அந்த இரண்டு அங்குலத்தைத்தான். சரியான இடத்தில் பட்டிருந்தால் அது அங்கேயே விழுந்திருக்கும். எல்லாருக்கும் சுலபமாகப் போயிருக்கும். அது முப்பது கஜம் நடந்து, பெரணிச் செடிகளுக்குள் படுத்தது. தலை நிமிர்ந்தே இருந்தது.

வேட்டைக்காரர் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அடிபட்ட மான் தலை நிமிர்ந்து படுத்திருந்தால் மரத்திலிருந்து அசையக் கூடாது. அசைந்தால் அது எழுந்து ஓடும். வேலிக்கு அப்பால் பக்கத்துப் பண்ணை. அந்த ஆள் யாரையும் உள்ளே விடுவதில்லை. ஓடி எங்கோ புதரில் நாள் முழுக்கத் துடித்துச் சாகும். ஒரு மிருகத்தை அப்படி வதைப்பது பாவம் என்றுதான் நான் வளர்ந்தேன். ஆகவே காத்திருந்தேன். இந்தக் காவல் கொட்டடியில் என்னைச் சுற்றி இருக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அவ்வளவு பொறுமை இருக்கும்?

7.41. முள்கரண்டியின் தலை சாய்ந்தது. பத்து நிமிடம் கூடக் காத்திருந்தேன். 7.51க்கு இறங்கினேன். முதலில் மானிடம் போனேன், அது அருகில் இருந்ததால். சட்டப்படி அடையாளச் சீட்டைக் கட்டினேன். அளவுநாடா பையில் இருந்தது. கொம்பின் இரண்டு முதன்மைத் தண்டுகள் இருபத்தைந்தரை, இருபத்து நாலேமுக்கால். உள் அகலம் பத்தொன்பதுக்குச் சற்று மேல். மொத்தம் நூற்று எழுபத்தொன்று. இரண்டு முறை அளந்தேன், முதல் தடவை நாடா நழுவியது. குளிரால் இருக்கலாம்.

8.22. கோல்பியின் மரத்தடியிலிருந்து அவசர எண்ணுக்குப் போன் செய்தேன்.

அன்று உங்களிடம், எதையும் பார்க்கவில்லை, கேட்கவில்லை, இறங்கிய பிறகே கண்டேன் என்று சொன்னேன். அது பொய். அடக்கம் முடிந்து மாரித் சமையலறையில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவர் உன்னைக் கூப்பிட்டாரா?"

"இல்ல."

"நெஜமா சொல்லு நீல்ஸ். கூப்பிட்டாரான்னா, கூப்பிட்டார்னு சொல்லு. நான் உன்ன ஒண்ணும் சொல்லமாட்டேன். கடைசில அவர் யாரையாவது கூப்பிட்டார்னு எனக்குத் தெரியணும்."

"இல்லக்கா. உயிர் உடனே போயிருக்கும். வலி இருந்திருக்காது."

அவளுக்காகவே அப்படிச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து என் அறையைத் துடைக்க வந்தவள் நோட்டைப் படித்து, உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தாள். இப்போது என்னைப் பார்க்க வர மறுக்கிறாள். அவள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நியாயம் வேறு. கதவில் ஒட்டிய அட்டையை அவளும் பார்த்திருக்கிறாள்.

நேற்று நீங்கள் மேசைமேல் கையை வைத்துக்கொண்டு, "அவர் கூப்பிட்டதுக்கும் நீ அம்பு விட்டதுக்கும் நடுவுல இருந்த பதினாலு நிமிஷத்துல எறக்கியிருக்கலாமே தம்பி, ஏன் எறங்கல?" என்று கேட்டீர்கள். வருத்தமாக இருக்கிறதா என்றும் கேட்டீர்கள். பதில், இல்லை. ஆறு வருடத்தில் ஒரே ஒரு காலை நான் எல்லாவற்றையும் விதிப்படி செய்தேன். விதியை எழுதியவர் கோல்பி. ஓடியதற்குச் சிரித்தார்கள், ஓடாததற்கு விசாரணை வைக்கிறீர்கள். நான் எந்தப் பக்கம் நின்றால் உங்களுக்குச் சரி?

ஒரு கோரிக்கை. பறிமுதல் செய்த கொம்பை ஹீட்டர் பக்கத்தில் வைக்க வேண்டாம். அறுபது நாள் சாதாரணக் காற்றில் உலர்ந்த பிறகுதான் முறைப்படி அளப்பார்கள். அந்தக் கணக்குப்படி ஜனவரி எட்டாம் தேதி. சூடு பட்டால் கால் அங்குலம், அரை அங்குலம் சுருங்கிவிடும்.

நோட்டில் 7.04க்கும் 7.41க்கும் நடுவே ஒரு வரி இருக்கிறது. அதற்கு என்ன பொருள் என்று கேட்டீர்கள். நேற்று நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் என் பக்கத்துக்குச் சாட்சி அது ஒன்றுதான். மான் தலை நிமிர்ந்து படுத்திருந்தபோது கோல்பி மறுபடி வாயைத் திறந்தார். முனகல் மாதிரி ஏதோ வந்தது. மானின் காது திரும்பியது. நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். பெரணிப் பக்கம் கையை நீட்டினேன். கொஞ்சம் பொறுங்கள் என்று உள்ளங்கையால் சைகை செய்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் வேட்டை தெரியும், நான் கேட்பது என்ன என்று புரிந்துகொண்டார். அந்த வரி இதுதான்: 7.19. தலையை அசைத்தார். மோவாய் நெஞ்சைத் தொடும் அளவுக்கு அசைத்தார். அதற்குப் பிறகு ஒரு சத்தம் போடவில்லை, தலையைத் திரும்ப நிமிர்த்தவும் இல்லை. அவ்வளவு உறுதியாக அவர் சம்மதித்திருந்தார்.