துரைக்கு ஒரு வாய் கஞ்சி

மிக்ஸி சத்தம்தானே? தெரியும்க்கா, கீழ் வீட்ல இருந்து நீங்க படியேறி வரும்போதே தெரிஞ்சுபோச்சு. நீங்க குடிவந்து ரெண்டு நாள் ஆகல, அதுக்குள்ள உங்க காதுல மாவரைச்சுட்டேன். உள்ள வாங்க. செருப்பை மட்டும் வெளிய... ஆங். கையையும் ஒரு தடவை கழுவிடுங்க. தப்பா நினைக்காதீங்க, மாத்திரை செய்யற கம்பெனியில தரம் பாக்கற வேலை எனக்கு. தூசு துரும்புன்னா ஆகாது.

சத்தம் என் தப்பில்லக்கா. இதோ, நாற்காலியில சாய்ஞ்சுக்கிட்டு கட்டைவிரலை உறிஞ்சறாரே, என் புள்ள, இந்தத் துரைதான் காரணம். ஆறு மாசம் முடிஞ்சுது, கஞ்சி குடுக்கலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. கடையில டப்பா வாங்கிக்கலாம்னா இவங்கம்மா. நான் விடுவேனா? அரிசி, பாசிப்பருப்பு எல்லாத்தையும் நானே கழுவி, நிழல்ல காயவச்சு, வாசனை வர்ற வரைக்கும் வறுத்து, ஆறவச்சு, அரைச்சு, சலிச்சு, சலிச்சதை மறுபடி சலிச்சு... அவளுக்கு வாழ்க்கையே சலிச்சுப்போச்சு, நான் விடல!

அடுப்படிக்குள்ள அவளை விடறதே இல்ல. முடி விழுந்துட்டா? வறுக்கற கரண்டிக்குத் தனி ஆணி அடிச்சிருக்கேன், பாருங்க. வேற யாரும் தொடக்கூடாது. உப்பு கிடையாது, சர்க்கரை கிடையாது. நானே வாயில போட்டுப் பாத்தேன். சத்தியமா ஒரு ருசியும் இல்லக்கா, அவ்வளவு சுத்தம்!

ஆனா துரை வாயைத் திறக்கணுமே! கெட்டியா இருக்கோன்னு தண்ணி விட்டேன். தண்ணியா இருக்கோன்னு கெட்டியாக்கினேன். ஸ்பூனை மாத்தினேன், கிண்ணத்தை மாத்தினேன், திசையைக் கூட மாத்தி உக்கார வச்சேன். ம்ஹூம். கூத்து என்னன்னா, போன வாரம் என் மச்சினி வந்திருந்தா. முட்டை உரிக்கத் தெரியாத பொண்ணு. ஒரு கையில போன், ஒரு கையில ஸ்பூன். இவன் கிண்ணத்தையே காலி பண்ணிட்டான்! அதே மாவு, அதே கிண்ணம்! எனக்குத் தெரியாம சர்க்கரை போட்டிருக்கா, வேற என்ன? கேட்டதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுக் கிளம்பிப் போயிட்டா.

சிரிக்காதீங்கக்கா, எனக்கு வயிறு எரியுது. நாளைக்கு இவங்கம்மா திரும்ப வேலைக்குப் போகணும். பகல்ல நான்தான் பாத்துக்கறதுன்னு பேச்சு, லீவு கூடப் போட்டாச்சு. "இன்னிக்கு உங்க கையால ஒரு வாயாவது சாப்பிடலைன்னா, வேலையை விட்டுடறேன்"னு சொல்லிட்டு உள்ள போய் உக்காந்திருக்கா. எவ்வளவு பாடுபட்டுக் கிடைச்ச வேலை தெரியுமா அது? என்னால போச்சுன்னா... சரி, அதை விடுங்க.

கஞ்சி கை பொறுக்கற சூட்டுக்கு வந்துடுச்சு. இருங்க, போயிடாதீங்க, நீங்களே கண்ணால பாருங்க. உடுப்பை மட்டும் மாட்டிக்கறேன். எல்லாம் கம்பெனியில போடறதுதான். தலைக்குத் தொப்பி... கண்ணுக்கு இந்தப் பெரிய கண்ணாடி... மாஸ்க்... நீலக் கையுறை. என் எச்சில் ஒரு துளி தெறிக்கக்கூடாது பாருங்க. ம், ஆச்சு. துரை... இங்க பாரு... ஆ காட்டு... பாத்தீங்களா! பாத்தீங்களா! இன்னும் கிண்ணத்தைத் தூக்கவே இல்ல, என்ன அலறல்! சரியான பிடிவாதம். எல்லாம் அவங்கம்மா வழி!

என்னக்கா? கேக்கல, இவன் கத்தற கத்துல ஒண்ணும் கேக்கல. ஏன் என் மூஞ்சியைக் கை நீட்டிக் காட்டறீங்க? கஞ்சி ஒட்டியிருக்கா? ஐயய்யோ, மாஸ்க்கை ஏன் இழுக்கறீங்க? அக்கா... அக்கா, தொப்பியை விடுங்க... கண்ணாடியுமா?

...என்ன, சத்தத்தையே காணோம்?

ஏன்டா இப்படிப் பாக்கற? நான்தான்டா. டேய், மூக்கை விடு... சிரிக்கிறான்க்கா! இருங்க இருங்க, ஸ்பூன் எங்க... ஆ... அட! உள்ள போயிடுச்சு! முழுங்கிட்டான்க்கா!

அப்போ... இத்தனை நாளா இவன் கஞ்சியைப் பாத்து அழலையா?

மொத நாளே சொன்னா இவங்கம்மா. "அந்த வேஷத்தைக் கழட்டுங்க, புள்ள மிரளுது"ன்னு. உனக்குச் சுத்தத்தைப் பத்தி என்ன தெரியும்னு அவ வாயை அடைச்சேன். மச்சினியைத் திருடி மாதிரி விசாரிச்சேன். கடைசியில, இவனுக்கு என்னையே பிடிக்கல போலன்னு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுதிருக்கேன்க்கா, யாருக்கும் தெரியாது. மூஞ்சியைக் காட்டாம ஊட்டினா எந்தப் புள்ளைக்கா சாப்பிடும்?

இவங்கம்மாகிட்ட இதைச் சொல்லிடாதீங்க. நானே நல்ல நேரம் பாத்து, பக்குவமா... ஏன்க்கா எனக்குப் பின்னாடி பாக்கறீங்க?

ஓ. நீ எப்போ வந்து நின்ன? ...எல்லாத்தையும் கேட்டுட்டியா? குழாய் விஷயம் கூடவா?

சரி சரி, முறைக்காத. இங்க பாரு, அடுத்த வாய்க்குத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்கான் உன் புள்ள. ஆமா... நாளைக்கு உனக்கு எத்தனை மணிக்கு பஸ்?